செவிலியத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் வரலாறு

செவிலியத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு என்பது, நோயாளிகளைக் கவனிக்கும்போது செவிலியர் பதிவு செய்யும் தகவல்களைக் கணினி வழியாக ஆராய்ந்து, நோயாளியின் பாதுகாப்புக்கும் செவிலியரின் முடிவுகளுக்கும் உதவும் வழிகளைத் தேடும் துறையாகும். செவிலியர் படுக்கையருகே திரட்டும் அறிவு நெடுங்காலம் முறையான தரவாக மதிக்கப்படவில்லை. அந்நிலை படிப்படியாக மாறியதே இத்துறையின் வரலாறு.

முன்னோடிகள்

செவிலியப் பதிவுகளை எண்களாகத் தொகுக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. கிரிமியப் போரில் பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், படைவீரர்களில் பெரும்பாலோர் போர்க்காயங்களால் அல்ல, தடுக்கக்கூடிய நோய்களாலேயே இறந்தனர் என்பதை 1858-இல் வெளியிட்ட வரைபடங்களால் விளக்கினார்.

வல்லுநர் அமைப்புகளின் காலம்

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'மைசின்' என்னும் கணினி நிரல் உருவானது. பாக்டீரியத் தொற்றுக்கு ஏற்ற மருந்தைப் பரிந்துரைத்த இந்நிரல், வல்லுநர்களின் அறிவை "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற விதிகளாகக் கொண்டிருந்தது. இத்தகைய நிரல்கள் வல்லுநர் அமைப்புகள் எனப்பட்டன. இதே வழியில், நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் 'காம்ஸ்' என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. நோயாளியின் நிலைக்கேற்பப் பராமரிப்புத் திட்டம் வகுக்க இது செவிலியருக்கு ஆலோசனை வழங்கியது.

எனினும் விதிகளை ஒவ்வொன்றாக மனிதரே எழுத வேண்டியிருந்தது. அத்துடன், ஒரே நிலையைச் செவிலியர் பலர் பலவிதச் சொற்களில் எழுதினர். பொதுவான சொற்கள் இல்லாமல் கணினியால் பதிவுகளை ஒப்பிட இயலவில்லை.

பொதுமொழியைத் தேடி

செவிலிய நோயறிதல்களை வகைப்படுத்தும் முதல் தேசிய மாநாடு 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. 1980களில் ஹாரியட் வெர்லி, நார்மா லாங் ஆகியோர், எல்லா மருத்துவமனைகளும் பதிய வேண்டிய 16 கூறுகள் கொண்ட குறைந்தபட்சச் செவிலியத் தரவுத் தொகுப்பை முன்வைத்தனர். 1989-இல் ஜூடித் கிரேவ்ஸ், ஷீலா கோர்கோரன் ஆகியோர் கணினியியல், தகவலியல், செவிலியம் மூன்றும் இணைந்ததே செவிலியத் தகவலியல் என வரையறுத்தனர். அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1992-இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

இயந்திரக் கற்றலின் வருகை

2009-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு நிதியூக்கம் அளித்தது. பதிவேடுகள் பெருகியதும், விதிகளை எழுதித் தருவதற்குப் பதிலாகத் தரவிலிருந்து கணினியே கற்கும் முறை பரவியது. அதுவரை 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் போன்ற மதிப்பெண் முறைகளால் கணிக்கப்பட்ட படுக்கைப்புண் அபாயமும், நோயாளி கீழே விழும் அபாயமும் இயந்திரக் கற்றலின் முக்கிய ஆய்வுப் பொருள்களாயின.

இவ்வகையில் குறிப்பிடத்தக்கது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாரா ரொசெட்டி தலைமையில் உருவான 'கன்சர்ன்' ஆய்வாகும். அனுபவமுள்ள செவிலியர், அளவீடுகள் மோசமடையும் முன்பே நோயாளியின் மாற்றத்தை உணர்ந்து, அவரை அடிக்கடி பார்க்கின்றனர். வழக்கத்தைவிட மிகுதியாகக் குறிப்பெழுதுகின்றனர். இந்த மாறுதலையே கன்சர்ன் எச்சரிக்கைக் குறியாகக் கொள்கிறது. அதாவது, இரத்த அழுத்தத்தின் அளவைக் காட்டிலும், அதை நள்ளிரவில் செவிலியர் ஏன் மீண்டும் அளந்தார் என்பதே இங்குத் தரவாகிறது. 74 மருத்துவமனைப் பிரிவுகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. கன்சர்ன் பயன்பட்ட பிரிவுகளில் இறப்பு அபாயம் 35.6% குறைந்திருந்தது. எதிர்பாராமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவதோ ஏறத்தாழ 25% கூடியது. ஆபத்து முன்கூட்டியே உணரப்பட்டதால் இவ்வாறு நிகழ்ந்திருக்கலாம்.

எச்சரிக்கைகள்

எல்லா முயற்சிகளும் இவ்வாறு பலன் தரவில்லை. பல மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த, செப்சிஸ் என்னும் உயிராபத்தான நிலையை முன்னறியும் நிரலொன்றை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். அது 67% செப்சிஸ் நோயாளிகளைத் தவறவிட்டதாக 2021-இல் அறிவித்தனர். வேறொரு நிரல், நோயின் கடுமையைச் சிகிச்சைச் செலவைக் கொண்டு கணித்ததால், கறுப்பின நோயாளிகளின் தேவையைக் குறைத்து மதிப்பிட்டது என 2019-இல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை காட்டியது.

அமெரிக்கச் செவிலியர் சங்கம் 2022-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், செயற்கை நுண்ணறிவு செவிலியரின் அறிவுக்கும் தீர்ப்புக்கும் துணையேயன்றி மாற்று அல்ல என்றது. 2024 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் செவிலியர் பேரணி நடத்தி, சோதித்து உறுதிப்படுத்தாத கருவிகளை நோயாளிகள்மீது பயன்படுத்துவதை எதிர்த்தனர்.

இன்றைய நிலை

2022 இறுதிக்குப் பின் பெருமொழி மாதிரிகள் செவிலியக் குறிப்புகளைச் சுருக்கவும் எழுதவும் உதவுமா என்ற ஆய்வு விரைந்து வளர்ந்துள்ளது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. செவிலியர் தாமாக எழுதும் குறிப்புகளே கன்சர்ன் போன்ற அமைப்புகளுக்கு அடிப்படை. அக்குறிப்புகளை இயந்திரமே எழுதத் தொடங்கினால், செவிலியரின் கவலையை வெளிப்படுத்தும் தடயம் மறையக்கூடும். எழுத்துச் சுமையைக் குறைக்கும்போதே செவிலியரின் கவனிப்பையும் காப்பது எவ்வாறு என்பது இத்துறையின் முன்னுள்ள முக்கியக் கேள்வியாகும்.