18 பெரிசா, 15 பெரிசா?

ஜாக் நிக்லஸா, டைகர் உட்ஸா? கோல்ஃப் ரசிகர்கள் கூடினா இந்தச் சண்டை வராம இருக்காது. மேஜர்னா வருஷத்துக்கு நாலு பெரிய போட்டிகள். அதில் நிக்லஸ் ஜெயிச்சது 18, டைகர் 15. கணக்கு முடிஞ்சுதா? இல்லைங்க. எண்ணுற அளவுகோலே காலத்துக்குக் காலம் மாறியிருக்கு.

பாபி ஜோன்ஸை எடுத்துக்கங்க. காசு வாங்காம ஆடிய அமெச்சூர். 1930-ல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாடுகளின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே வருஷத்தில் ஜெயிச்சார். 28 வயசில் ஓய்வு. அன்றைய கணக்கில் அவருக்கு 13 மேஜர். இன்று அமெச்சூர் போட்டிகளைச் சேர்ப்பதில்லை, அதனால் 7. இன்று மேஜரான மாஸ்டர்ஸ் 1934-ல்தான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஜோன்ஸும் ஒருவர்!

இதைவிடக் கசப்பான கணக்கு சார்லி சிஃபோர்டுடையது. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம்னு விதி இருந்துச்சு. கறுப்பரான சிஃபோர்டுக்குப் பல தொழில்முறைப் போட்டிகளின் கதவு மூடியே கிடந்தது. 1961-ல் அந்த விதி நீங்கியபோது அவருக்கு வயசு 39. அதுக்கப்புறமும் 1967, 1969-ல் இரண்டு டூர் போட்டிகளை ஜெயிச்சார். மாஸ்டர்ஸ் அழைப்பு மட்டும் கடைசிவரை வரலை. மேஜர் கணக்கில் அவர் பேருக்கு நேரே பூஜ்ஜியம்.

டைகர் தன் மகனுக்கு சார்லின்னு பேர் வெச்சது இவர் நினைவாகத்தான். 18-ஐயும் 15-ஐயும் ஒப்பிடும்போது, களத்துக்குள்ளேயே விடப்படாதவங்க யார் யாருன்னும் கேட்டுப் பாருங்க.