துபாஷியின் நாவும் எழுத்தரின் கையும்

பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்து, வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்ட மக்கள் நாம். இம்மும்பை மாநகருக்கு நம் முன்னோருள் பலரை அழைத்து வந்தவை இரண்டு. ஒன்று புகைவண்டி, மற்றொன்று ஆங்கிலம். ஆங்கிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியுமே எழுதுவர். நமக்குச் சோறிட்ட ஆங்கிலமோ அதுவன்று. கடிதத்திலும் கணக்கிலும், கூட்டத்திலும் பேரத்திலும் வழங்கிய வணிக ஆங்கிலமே நமக்குச் சோறிட்டது. இன்று அதனைக் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் வகுப்புகள் தெருவுக்குத் தெரு நடைபெறுகின்றன; இளைஞர் பலர் அதனை நேற்றுத் தோன்றிய கலை என்றே எண்ணுகின்றனர். அஃது எவ்வழி வந்தது, அவ்வழியில் நாம் பெற்றதென்ன, விட்டதென்ன என்பவற்றை இவ்வாண்டு விழா மலரில் சற்றே ஆராய்வோம்.

1639ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது, அவர்தம் மொழி இக்கரையில் எவர்க்கும் விளங்காத மொழியாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியரும் உள்நாட்டு வணிகரும் கலந்து பேசிய பொதுமொழி, உருச்சிதைந்த போர்த்துகீசியமே. 1698ஆம் ஆண்டில் கம்பெனிக்கு அளிக்கப்பட்ட பட்டயம், இந்நாட்டுக்கு வரும் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்த்துகீசிய மொழியைக் கற்றல் வேண்டும் என்று விதித்தது. கற்க வேண்டிய கடமை அன்று வந்தவர்க்கே இருந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ளல் தகும்.

ஆயினும் கற்ற வெள்ளையர் சிலரே. எனவே இரு திறத்தாரையும் இணைக்க ஒருவன் வேண்டியதாயிற்று. அவனே துபாஷி. இரு மொழி உடையவன் என்பதே அச்சொல்லின் பொருள். அவன் வெறும் மொழிபெயர்ப்பாளன் அல்லன். நெசவாளர்க்கு முன்பணம் போய்ச் சேரவும், துணி உரிய நாளில் கிடங்குக்கு வரவும் அவனே பிணை. விலை பேசுபவனும் அவனே; பேச்சு முறியுமிடத்தில் இரு பக்கத்துச் சினத்தையும் தணிப்பவனும் அவனே. வெள்ளைத் துரை ஒரு சொல் சொன்னால் அதன் பொருளை மட்டுமின்றி, அதற்குள் மறைந்த கருத்தையும் அறிந்து உரைப்பது அவன் தொழில்.

இத்தொழிலின் நுட்பத்தை அறிய நமக்குக் கிடைத்துள்ள பெருஞ்செல்வம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பாகும். 1709ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளை, 1747 முதல் புதுச்சேரியில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். அவர் பணியாற்றியது பிரெஞ்சுக்காரரிடத்தில். எனினும் துபாஷித் தொழில் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஒரு தன்மைத்தே. பகலெல்லாம் பிறமொழியாரோடு பழகிய அப்பெரியார், 1736 முதல் 1761 வரை தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழிலேயே எழுதி வைத்தார். யார் என்ன சொன்னார், அதற்கு என்ன விடை கூறப்பட்டது என்பன அதில் நிரம்பக் கிடக்கின்றன. பேச்சுவார்த்தைக்குப் பின் நடந்ததை உடனே எழுதி வைத்தல் என்னும் இக்கால வணிக நெறியை அவர் எந்த வகுப்பிலும் கற்றாரல்லர்.

துபாஷியின் வாழ்வில் நிழலும் உண்டு. இரு பக்கத்தாரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதிருந்தமையே அவன் வலிமை. அவ்வலிமையைத் தீய வழியில் செலுத்தினோரும் இருந்தனர். சென்னையில் அவதானம் பாப்பையா என்னும் துபாஷி, சதிக் குற்றம் சாட்டப்பெற்று 1792ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். மற்றொரு புறம், பச்சையப்ப முதலியார் துபாஷியாய் ஈட்டிய பெரும்பொருளை அறத்துக்கே எழுதி வைத்து 1794ஆம் ஆண்டில் மறைந்தார். ஒரே தொழிலில் இவ்விரு திறத்தாரும் தோன்றினர். இடைநின்று பேசுவோன் நாணயமே எல்லாவற்றையும் தாங்கும் தூண் என்பது இதனால் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1835ஆம் ஆண்டில் மெக்காலேயின் குறிப்பும், அதனையொட்டிப் பெண்டிங்கு பிரபுவின் முடிவும் வெளிவந்தன. 1839ஆம் ஆண்டில் சென்னை மக்கள் எழுபதினாயிரம் பேர் ஒப்பமிட்டு, ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் விண்ணப்பம் அளித்தனர். 1844ஆம் ஆண்டில் ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப் பணியில் முதலிடம் என்று ஆணையிட்டார். 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் தோன்றின. கற்கும் கடமை வந்தவரிடமிருந்து இருந்தவர்க்கு மாறிவிட்டது.

இம்மாற்றத்தில் வியப்பான ஒரு தொடர்பைக் காண்கிறோம். பச்சையப்பர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1842ஆம் ஆண்டில் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது. அந்த அறக்கட்டளையினரே 1886ஆம் ஆண்டில் வணிகப் பள்ளி ஒன்றையும் நிறுவினர். இந்நாட்டில் முறையான வணிகக் கல்வி அதிலிருந்தே தொடங்கியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். நாவன்மையால் பொருளீட்டிய துபாஷியின் செல்வம், கைவன்மையால் பிழைக்கும் எழுத்தர்களை உருவாக்கப் பயன்பட்டது. ஒரு யுகம் தன் கையாலேயே மறு யுகத்துக்கு விளக்கேற்றியது எனலாம்.

எழுத்தர் காலத்தின் கருவிகள் இரண்டு. 1837ஆம் ஆண்டில் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து ஒன்று. 1870களில் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த தட்டச்சுப் பொறி மற்றொன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்த் தெருக்களிலும் தட்டச்சு நிலையங்கள் தோன்றின. லோயர், ஹையர் என்னும் தேர்வுகளில் தேறிய சான்றிதழைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திக்கொண்டு எத்தனையோ இளைஞர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வண்டியேறினர். கோட்டைப் பகுதியின் அலுவலகங்களிலும் இரயில்வே அலுவலகங்களிலும் பகலெல்லாம் பணிசெய்து, மாலையில் மாதுங்காவுக்குத் திரும்பிய தலைமுறை அது. 1913ஆம் ஆண்டில் இந்நகரில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி தோன்றியபின், பகலில் எழுத்தராயிருந்தோர் தம் மக்களை அத்தகைய கல்விக்கு அனுப்பக் கனவு கண்டனர்.

அந்தத் தலைமுறையின் ஆங்கிலம் எத்தகையது? இலக்கணப் பிழையற்றது, பணிவு மிக்கது, எழுத்தில் வாழ்வது. ‘டூ தி நீட்ஃபுல்’ என்று கடிதத்தை முடித்தல் அதன் முத்திரை. இத்தொடரை இந்தியர் ஆக்கிய கேலித்தொடர் என்று இன்று சிலர் நகைப்பர். ஆங்கிலேயரிடமே முன்பு வழங்கி, அவர்கள் கைவிட்டபின் நம்மிடம் நிலைத்த தொடர் அது. நம் அலுவலகத் தமிழிலும் ‘ஆவன செய்க’ என்று அதற்கு இணையான தொடர் வழங்குகின்றது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்வெழுத்தர் துரையின் சொற்களைப் புள்ளி பிறழாமல் எழுதினார். கூட்டத்தில் தாம் வாய் திறந்தாரல்லர். துபாஷிக்கு நாவிருந்தது; எழுத்தர்க்குக் கை மட்டுமே எஞ்சியது.

ஆங்கிலப் பள்ளியின் கதவு எல்லார்க்கும் ஒருங்கே திறந்ததுமில்லை. அதன் வழி முதலில் நுழைந்தோர் சில குலத்தாரே. பெண்டிர் நுழைய நெடுநாள் ஆயிற்று. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நெல்லைச் சீமை மக்கள், மொழியை நம்பி வந்தாரல்லர். தம் உழைப்பை நம்பியே வந்தனர். அவர்களையும் சேர்த்தே நம் வரலாறு முழுமை பெறும்.

இனிக் கூட்டத்தைக் காண்போம். 1836ஆம் ஆண்டில் சென்னையிலும் பம்பாயிலும் வணிகர் மன்றங்கள் தோன்றின. அவற்றில் ஐரோப்பியர் குரலே ஓங்கியிருந்தது. தென்னிந்திய வணிகர் தமக்கென ஒரு மன்றத்தைச் சென்னையில் நிறுவியது 1909ஆம் ஆண்டிலேதான். அதற்கு மூன்றாண்டுகட்கு முன்பே, தூத்துக்குடியில் வழக்குரைஞராயிருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 10 இலட்சம் ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு திரட்டவும் கப்பல் வாங்கவும் அவர் நாடி வந்தது இந்தப் பம்பாயையே. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலேயர் வகுத்த கம்பெனிச் சட்டத்தையே படித்து, அச்சட்டத்தின் மொழியிலேயே அவர்களோடு போட்டியிட்ட தமிழர் அவர். மேடையிலோ, மக்கள் உள்ளத்தைத் தொடும் தமிழில் பேசினார். கையும் நாவும் ஒருவரிடத்தே மீண்டும் கூடின.

பேச்சுவார்த்தைக்கு மற்றொரு சான்று 1918ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். அதன் தலைவர் பி. பி. வாடியா பம்பாயில் பிறந்த பார்சி. அவர் பேசியது ஆங்கிலத்தில். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் அறிந்ததோ தமிழ். அவர் பேச்சு தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது, திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்தின் துணைத்தலைவராயிருந்து தமிழில் முழங்கினார். முதலாளியின் மேசையில் ஆங்கிலம்; ஆலை வாயிலில் தமிழ். இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வியக்கம் நிலைத்திராது. ஆலையார் தொடுத்த வழக்கில் அச்சங்கத்தார்மீது பிறந்த தடையாணையே, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி கோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

விடுதலைக்குப் பின், 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் 1967ஆம் ஆண்டின் திருத்தமும் நடுவண் அரசில் ஆங்கிலம் தொடர வழி செய்தன. 1970ஆம் ஆண்டில் மேலாண்மை முகவர் முறை ஒழிந்தது. எழுத்தரின் மக்கள் அதிகாரிகளாய் மேசையின் மறுபுறம் அமர்ந்தனர். 1987ஆம் ஆண்டில் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் வந்தது. 1991ஆம் ஆண்டில் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 2009ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்தியது. கையின் காலம் முடிந்து நாவின் காலம் திரும்பவும் தொடங்கிற்று. ஒருவர் எழுதிக் கொடுக்க மற்றவர் பேசும் நிலை மாறி, இன்று ஒவ்வொருவரும் தாமே எழுந்து நின்று எடுத்துரைத்தல் வேண்டும்.

இப்புதிய காலத்தில் ஆங்கிலம் ஒன்றன்று, பல. இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்த ஒன்றைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் குறித்துள்ளார். ஒரு பொருளை ‘டேபிள்’ செய்தல் என்றால் ஆங்கிலேயர்க்கு அதனை உடனே விவாதத்துக்கு எடுத்தல். அமெரிக்கர்க்கோ அதனை ஒதுக்கி வைத்தல். இரு சாராரும் விரும்பியது ஒன்றே. சொல் ஒன்றால் நெடுநேரம் வாதிட்டனர். ஒரே மொழி பேசுவோரிடையிலும் துபாஷி தேவைப்படுகின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நாம் இலட்சம், கோடி என்று எண்ணுவதை அயல்நாட்டார்க்கு மில்லியன், பில்லியன் என்று மாற்றியுரைக்கும் ஒவ்வொரு பொழுதும் நாம் துபாஷிகளே.

இனி நம் வீட்டு நிலையை நோக்குவோம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இன்றும் இளைஞர் இந்நகருக்கு வருகின்றனர். தொழிலறிவு நிரம்ப உடையர். கூட்டத்தில் வாய் திறக்க அஞ்சுகின்றனர். அவர்கட்குப் பள்ளியில் கிடைத்தது எழுத்தர் காலத்து ஆங்கிலம். விடைத்தாளில் எழுதுவதற்கு மட்டும் பயன்படுவது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் மக்களோ ஆங்கிலத்தைத் தடையின்றிப் பேசுகின்றனர். ஆனால் தம் பாட்டியாரிடம் தாம் செய்யும் தொழில் இன்னதென்று தமிழில் விளக்கத் தெரியாது தவிக்கின்றனர். முன்னவர்க்கு ஒரு மொழி கூச்சத்தால் அடைபட்டது. பின்னவர்க்கு ஒரு மொழி பழக்கமின்மையால் தேய்கின்றது. இரு மொழியும் செவ்வனே உடையவன் இரு சாராரிடையிலும் அருகி வருகின்றான்.

இக்குறையைத் தீர்க்க நம் போன்ற சங்கங்களினும் பொருத்தமான இடம் வேறில்லை. சங்கத்தின் செயற்குழுவே ஒரு நற்பள்ளியாகும். பொருள்நிரல் வகுத்தல், குறைவெண் பார்த்தல், தீர்மானத்தை முன்மொழிதல், மாற்றுக் கருத்தை மனம் நோகாது கூறுதல், நடவடிக்கைக் குறிப்பு எழுதுதல் ஆகிய அனைத்தும் இங்கு நாள்தோறும் நடப்பனவே. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கூட்டம் முடிந்த 30 நாட்களுக்குள் குறிப்பேட்டில் பதிவு செய்யப்படல் வேண்டும் என்கின்றது. நம் சங்கக் கூட்டக் குறிப்பை ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஆங்கிலத்திலும், இங்கு வளர்ந்த இளைஞர் ஒருவர் தமிழிலும் எழுதட்டும். பின்னர் இருவரும் அருகமர்ந்து ஒன்றையொன்று ஒப்புநோக்கட்டும். ஓராண்டில் இருவரும் அடையும் பயன் எந்தக் கட்டண வகுப்பினும் குறையாது.

ஆங்கிலத்தை அயல்மொழி என்று வெறுத்தலும் வேண்டா. அஃது ஒன்றே போதும் என்று மயங்குதலும் வேண்டா. 380 ஆண்டுகட்கும் மேலான இவ்வணிக வரலாற்றில் உயர்ந்து நின்றோர், இரு பக்கத்தாருக்கும் விளங்கப் பேசி, பேசியதை நேர்மையாய் எழுதி வைத்தோரே. அவ்விரு திறனையும் நம் மக்களுக்கு ஒருங்கே அளிப்பது, இவ்வாண்டு நாம் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் முதன்மையானது.