செலவுக் கணக்கு

‘செலவு’ என்றால் நமக்கு பர்ஸ்தான் ஞாபகம் வரும். பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து படகில் மாமல்லபுரம் போய்வந்ததைப் பாட்டாக எழுதியபோது ‘மாவலிபுரச் செலவு’ என்றுதான் தலைப்பு வைத்தார். படகு என்றதும் கடல் வழியாகப் போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் போனது பக்கிங்காம் கால்வாயில். ஆம், அதே கால்வாய்தான். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஜன்னலிலிருந்து கீழே பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வோமே, அது.

அந்தத் தண்ணீரில் ஒரு கவிஞர் உட்கார்ந்து நிலவை ரசித்தார் என்பதை என் அக்கா பையன்களிடம் சொன்னேன். பெரியவனுக்குப் பதினைந்து, சின்னவனுக்குப் பதின்மூன்று. “மாமா, சும்மா அடிச்சு விடாதீங்க” என்றான் சின்னவன். அவனைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டிலேயே மூன்று தலைமுறையாக அந்தக் கால்வாயோடு தொடர்பு இருக்கிறது, ஆனால் அதைக் கோத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான் ஆரம்பித்தது.

கால்வாயின் முதல் துண்டை வெட்டியவர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்கார வியாபாரி. 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடித்தார். அவர் பெயராலேயே ‘காக்ரேன் கால்வாய்’ என்று கொஞ்ச காலம் ஓடியது. பிறகு கம்பெனியும் அரசும் வடக்கே ஆந்திரா பக்கமும் தெற்கே பாலாற்றுப் பக்கமும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் நடுவில், சென்னை நகரத்துக்குள்ளேயே, ஒரு இடைவெளி இருந்தது. வடக்குக் கால்வாய் கூவத்தோடு நின்றது. தெற்குக் கால்வாய் அடையாற்றில் ஆரம்பித்தது. இரண்டையும் இணைக்க வேண்டியது சுமார் 8 கிலோமீட்டர்.

அந்த 8 கிலோமீட்டரை வெட்டியது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் பட்டினியில் செத்த காலம். நிவாரணம் வேண்டுமா, வந்து மண் வெட்டு என்பதுதான் அன்றைய அரசுக் கொள்கை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியை நிர்ணயித்தார்: கடின வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். நம் ஜிம் பையன்கள் ஆப்பில் கலோரி கணக்குப் போடுவார்களே, அவர்களிடம் கேட்டுப்பாருங்கள், நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு இது எத்தனை நாள் தாங்கும் என்று. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கூலியைக் கூட்டினார்கள். கால்வாய் முடிந்ததும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எதுவும் எங்கேயும் இல்லை.

பொறியாளனாக எனக்கு அந்தக் கால்வாயில் பிடித்த விஷயம் அதன் சோம்பேறித்தனம். கடற்கரைக்கு இணையாக, கடல் மட்டத்திலேயே போகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆற்று முகத்துவாரங்களில் கதவு வைத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று வாகாக அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டுப் படகை இழுத்துக்கொண்டே நடப்பார்கள். மாட்டு வண்டி திணறுகிற பாரத்தைத் தண்ணீரில் ஒன்றிரண்டு ஆள் இழுத்துவிடலாம். வடக்கிலிருந்து நெல்லும் அரிசியும், வழியில் உப்பு, கிளிஞ்சல், தெற்கிலிருந்து சவுக்குக் கட்டை என்று பட்டணத்தின் அடுப்பும் உலையும் சுவரும் இந்தத் தண்ணீரை நம்பி இருந்தன. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163.

சரக்கு போகிற வழியில் மனிதர்களும் போனார்கள். மாமல்லபுரம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இதுதான் சொகுசு வழி. சாயங்காலம் படகேறிப் படுத்துவிட்டால் விடியும்போது கோயில் பக்கத்தில் இறங்கலாம். பாரதிதாசன் கோஷ்டியும் அப்படித்தான் போனது, அன்று பௌர்ணமி வேறு.

எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, திருப்போரூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே சுற்றுலாக் கதை அவள் போகாத ஒன்று. அவளுடைய தாத்தா சவுக்குக் கட்டை ஏற்றிப் போகிற படகுக்காரருக்குப் பழக்கமானவர். ஒரு முறை பேரப்பையன்கள் இரண்டு பேரையும், ஆயாவின் அண்ணன்களை, கட்டை மேலேயே உட்காரவைத்துப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். பார்க்கப் போனது செத்த காலேஜும் உயிர் காலேஜும். புதிதாகச் சென்னைக்கு வந்தவர்களுக்கு: செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம், உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. அப்போது அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது.

அண்ணன்கள் திரும்பி வந்து பல மாதம் சிங்கக் கதையாகவே சொன்னார்களாம். எனக்கு அதில் ஒரு சந்தேகம். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கூண்டு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அந்தக் காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அண்ணன்கள் போனது அதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன். “எனக்கு இன்னா தெரியும்? அவனுங்க சொன்னானுங்க, நான் கேட்டேன்” என்றாள். நீ ஏன் போகலை என்று கேட்டதற்கு, “பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்கு படகு” என்று தாத்தா சொன்ன பதிலை அதே குரலில் சொல்லிக் காட்டுவாள். கோபமாகக்கூட இல்லை. அந்தக் கயிற்றுக்காரர்கள் கரையோரமாகக் கட்டைப் படகை இழுத்துப் போனதைப் பனைமரத்தடியில் நின்று பார்த்ததாக மட்டும் சொல்வாள். கயிறு தோளில் பட்ட இடம் காய்த்துப் போயிருக்குமாம்.

1985இல் அந்த மிருகக்காட்சி சாலையே நகரத்தை விட்டுக் கிளம்பி வண்டலூருக்கு வந்தது. முடிச்சூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆக, ஒரு தலைமுறை படகேறிச் சிங்கம் பார்க்கப் போனது. சிங்கத்தின் பக்கத்திலேயே குடியிருந்த அடுத்த தலைமுறை படகு பார்க்கப் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

கால்வாய் எப்படி வீணானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லா ஊர் நீர்வழிக்கும் அதே கதைதான். ரயில் வந்தது, லாரி வந்தது. 1965, 1966 புயல்களில் அடிபட்டது, பிறகு யாரும் ஒழுங்காகத் தூர்வாரவில்லை. ஊர்ச் சாக்கடை வந்து சேர்ந்தது. பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது, பஞ்சத்தில் வெட்டிய அதே நகரத்துத் துண்டுக்குள் தூண்களை இறக்கினார்கள். 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான கால்வாய்களை, கூடவே கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் சில பகுதிகளை, தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

தெற்கே முட்டுக்காட்டில் மட்டும் கால்வாயும் உப்பங்கழியும் கலந்து அகலமாகக் கிடக்கின்றன. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் படகுத்துறை அமைத்தது. மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அதே 1984. எந்த வழியாக மாமல்லபுரம் போனார்களோ அந்த வழியே ஒரு ‘பார்க்க வேண்டிய இடம்’ ஆகிவிட்டது.

2004 மே மாதம் தாத்தாவும் ஆயாவும் என்னையும் சித்தப்பா பையனையும் அங்கே கூட்டிப்போனார்கள். எனக்குப் பதினாலு வயது. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், லீவில் எங்களை மேய்க்கிற பொறுப்பு தாத்தாவுடையது. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், எதையும் டைம்டேபிள் போட்டுத்தான் செய்வார். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், அங்கிருந்து முட்டுக்காடு, பிறகு மாமல்லபுரம். நாலு பஸ். கேளம்பாக்கம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே பஸ் போகும்போது ஆயா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, “இதான் அந்தக் கால்வா” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடியோ கேம் பற்றி ஏதோ முக்கியமான விவாதம்.

முட்டுக்காட்டில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் தாத்தா மனசுக்குள் கணக்குப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். ஆயா எங்கள் செருப்பையும் புளிசாதப் பையையும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். “எனக்கு வேணாம், தலை சுத்தும்” என்றாள். ஏறாமலே எப்படித் தலை சுற்றும் என்று தெரியும் என யாரும் கேட்கவில்லை. தாத்தாவின் பாக்கெட் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் பஸ், இளநீர் எல்லாவற்றுக்கும் கீழே ‘படகு - 3 நபர்’ என்று எழுதி, பக்கத்தில் ‘அதிகம்’ என்று ஒரு குறிப்பு. அவரும் ஒரு மாவலிபுரச் செலவு எழுதியிருக்கிறார், நாம் பழகிய பொருளில்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நிறுத்தி, தவம் செய்கிற பூனையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வெண்ணெய்ப் பந்தை நாங்களும் முட்டுக்கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். சாளுவன்குப்பத்தில் புலிக்குகை பார்த்தோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மணலுக்கு அடியில் ஒரு செங்கல் முருகன் கோயில் கிடந்தது அப்போது யாருக்கும் தெரியாது. அந்த டிசம்பரில் வந்த சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டை வெளியே காட்டியது. தொல்லியல் துறை தோண்டிக் கோயிலைக் கண்டுபிடித்தது 2005இல். பல்லவர்களுக்கும் முந்தைய கட்டுமானம் அடியில் இருக்கிறது.

ஆயா கடைசியில் படகு ஏறினாள். 2015 டிசம்பரில், முடிச்சூரில், எங்கள் தெருவிலேயே.

இதைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2015 வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரி என்று பேசுகிறோம். அந்த ஏரித் தண்ணீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வருகிற திசையில் இருக்கிறது. எங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஏரி, வாய்க்கால், தாங்கல் என்று தண்ணீருக்கு இருந்த இடத்தில்தான் எங்கள் மனைகள் நிற்கின்றன. நவம்பரில் ஒரு முறை வந்தபோதே சாமான்களை மாடிக்கு ஏற்றியிருந்தோம். இந்த முறை மாடிப்படியில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருவுக்குள் விட்டிருந்தார்கள். ஆயாவுக்கு எண்பதுக்குப் பக்கம். தாத்தா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பால்கனிச் சுவரை ஒட்டிப் படகை நிறுத்தி, இரண்டு பையன்கள் அவளைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கினார்கள். மோட்டார் போட முடியவில்லை, அடியில் கார் இருக்கிறதா காம்பவுண்டு சுவர் இருக்கிறதா என்று தெரியாது. அதனால் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். ஆயா அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேட்டில் இறங்கியதும் அவர் தோளைத் தொட்டு, “எரியுதா?” என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. “ஒண்ணும் இல்ல ஆயா, நீங்க போங்க” என்றார்.

அடுத்த ஆண்டு அவள் இறந்துபோனாள்.

போன மே மாதம் அப்பாவும் அம்மாவும் அக்கா பையன்களை அதே வழியில் கூட்டிப்போனார்கள். இப்போது டிரைவராக நான். பெரியவனுக்குப் பாய்மரப் படகுதான் வேண்டும். நேத்ரா குமணன் நம்ம சென்னை அக்கா, ஒலிம்பிக்ஸில் பாய்மரம் ஓட்டியவர் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ஒரு பாய்மரக் கிளப் இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் போகலாம் என்று சமாதானப்படுத்தினேன். சின்னவன் போனில் மேப்பை விரித்து, முடிச்சூரில் அடையாற்றைப் பிடித்து, திருநீர்மலை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று விரலை நகர்த்திக்கொண்டே போனான். கோட்டூர்புரம் பக்கத்தில் கால்வாய் வந்து சேர்ந்தது. அங்கே தெற்கே திரும்பிச் சோழிங்கநல்லூர் வழியாக வந்தால் முட்டுக்காடு. “மாமா, நம்ம வீட்டு வாசல்லேர்ந்து இங்க வரைக்கும் தண்ணியிலயே வரலாம்!” என்று கத்தினான். வெள்ளம் இல்லாத நாளில் எங்கள் ஊர் அடையாற்றில் கப்பல் என்ன, காகிதக் கப்பலே தரை தட்டும். அதைச் சொல்லவில்லை. கோடு சரியாகத்தான் இருந்தது.

டிக்கெட் கவுன்டரில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்பா வழக்கம்போல் விலைப் பட்டியலை அண்ணாந்து பார்த்தார். அம்மா அதற்குள் “அஞ்சு” என்று சொல்லிவிட்டாள். கடைசியில் நாலு பேர்தான் போனோம். அப்பாவுக்கு 2015க்கு அப்புறம் தண்ணீர் என்றால் ஆகாது. செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அவர் கரையில் உட்கார்ந்தார்.