நம்ம கடலுக்கும் வந்தது அதே படை

பேர்ள் ஹார்பர் பற்றி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே கை தூக்குகிறார்கள். 1941 டிசம்பர் 7. ஜப்பானிய விமானங்கள் அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத் தாக்கின. மறுநாளே அமெரிக்கா போரில் இறங்கியது. படம் பார்த்த அறிவு! ஆனால் அதே கப்பல் படை நான்கு மாதத்தில் இலங்கைக்கும் வந்தது என்றால் நம்ப மறுக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நாங்களும் இதைப் பாடசாலையில் படித்ததில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். அடுத்தது நாம்தான் என்பது பலருக்கும் விளங்கியிருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். உயிர் தப்பியவர் கைதியானார்.

இத்தனை எச்சரிக்கை இருந்தும் மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை, ரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே தாக்குதல் வந்துவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. அந்த நோயாளிகளுக்கு எந்த யுத்தம்? அன்றே நடுக்கடலில் கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு பிரித்தானியக் கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது, 300க்கும் மேற்பட்டோருடன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்கா தன் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்துப் போருக்குப் போனது. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 1939இல் லண்டன் அறிவித்ததும் நாமும் போரில் இருந்தோம்.

குண்டு விழாத ஊர்களையும் போர் விடவில்லை. பர்மா போனதோடு பர்மா அரிசியும் போனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. 'கூப்பன் கடை' என்ற சொல்லை நம் மூத்தவர்கள் கடைசிவரை விடாமல் வைத்திருந்ததற்கு இந்தக் காலமும் ஒரு காரணம்.

வவுனியா விமான ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்து பிரித்தானிய விமானப்படைத் தளம்தான். கப்பல்களைத் தாக்கும் விமானங்கள் இங்கிருந்து கடலுக்குப் பறந்தன. பின்னால் வந்த நம் யுத்தத்தில்தான் அந்த ஓடுதளத்தை நமக்குத் தெரியும். அதன் முதல் யுத்தம் வேறொன்று.

திருகோணமலை, மட்டக்களப்பில் சொந்தக்காரர் இருப்பவர்களே, அந்த ஏப்ரல் பற்றி உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம்.