ஊவாத் தோட்டங்களும் பள்ளிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓரிடத்தில் நிலைகொள்ளாத மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாமைக்கு அவர்தம் அலைச்சலே காரணம் என்பர். இராமநாதபுரச் சீமையிலிருந்து ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளைப் பொறுத்தவரை இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். பள்ளி நிற்கிறது, பிள்ளை நகர்கிறது. ஆனால், அத்தகைய சீமைகளிலிருந்து இலங்கைக்கு வந்து, பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் நிலைகொண்டுவிட்ட மக்களையும் ‘வந்துபோவோர்’ என்றே கருதி, அவர்தம் பிள்ளைகளின் கல்வியை ஒதுக்கிவைத்த வரலாற்றை நாம் வேறுவிதமாக நோக்குதல் வேண்டும்.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவகாலத்தில் வந்து திரும்பியவர்களே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். பெண்ணும் பிள்ளையும் அடங்கிய முழுக் குடும்பமே வேண்டும். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியபோது, லயத்திலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையொன்று இங்கு உருவாகியிருந்தது. அலைச்சல் முடிந்துவிட்டது, பள்ளி மட்டும் வரவில்லை.

முற்றாக வரவில்லை என்பதும் தவறு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடமே ஒப்படைத்தது. பிற இடங்களில் கட்டாயக் கல்வி பொதுவாக 14 வயது வரை நீண்டது. தோட்டத்தில் 10 வயதோடு நின்றது. ஏன் பத்து? விடை கல்விச் சட்டத்தில் இல்லை, கூலிச் சட்டத்தில் இருக்கிறது. இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலிக்கான 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூன்று தரங்களை வகுத்தது. பிள்ளை பள்ளியை விட்டு இறங்கும் படியும் பிரட்டுக்களத்தில் ஏறும் படியும் ஒன்றே. ஆசிரியரை நியமித்தவரும் துரை, சிறுவரை வேலைக்கு எடுத்தவரும் துரை. வயது வராத மூத்த பெண்பிள்ளையோ, தாய் மலைக்குச் சென்றதும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். அவ்வுழைப்பு எந்தச் செக்றோலிலும் பதியப்படவில்லை.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடே கொண்டாடும் அச்சீர்திருத்தம் தோட்டப் பாடசாலைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவற்றை அரசு பொறுப்பேற்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தும், ஏற்கப்பட்டவை மிகச் சிலவே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின், அவர்தம் பிள்ளைகளுக்காக நாடாளுமன்றத்தில் வாக்குத் தேட வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன.

அலையாத மக்களை அலையச் செய்ததும் அரசுகளே. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். கடவுச்சீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் பிள்ளையை எந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஆயத்தப்படுத்தும்? முதன்முறையாக இங்கே ‘அலைச்சல்’ உண்மையான தடையாயிற்று. அது அம்மக்களின் வாழ்க்கைமுறையன்று, கையெழுத்திட்டு உருவாக்கப்பட்டது.

கம்பனித் தோட்டங்கள் 1975இல் தேசியமயமாகி, 1970களின் பிற்பகுதியிலிருந்து பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. எனினும் அவற்றுட் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. மேலே படிக்க விரும்பிய பிள்ளை பசறைக்கோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ மலையிறங்க வேண்டியிருந்தது. 1934இல் பதுளை மாவட்டத்தில் பிறந்து, தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர்கள் இத்தகைய சூழலிலிருந்து எழுந்தவர்கள். அவர்களைச் சுட்டி, ‘முயன்றால் முடியும்’ எனச் சிலர் கூறுகின்றனர். முயன்றும் இறங்க வழியின்றி நின்றவர்களின் தொகையை அக்கூற்று கணக்கிலெடுப்பதில்லை.