கூர்க்கர் படை பிறந்த கதை

கூர்க்கர் என்றதும் வளைந்த குக்ரிக் கத்தியே நினைவுக்கு வரும். ஆனால், ஆங்கிலேயர் அக்கத்தியை முதலில் கண்டது தம் படையில் அன்று, பகைவர் கையில்.

1814-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நேபாளத்திற்கும் போர் மூண்டது. டேராடூனுக்கு அருகிலுள்ள நாலாபானிக் கோட்டையைப் பலபத்திர குன்வர் ஏறத்தாழ 600 பேருடன் காத்து நின்றார். அவர்களுள் பெண்டிரும் சிறாரும் இருந்தனர். கும்பினித் தளபதி கில்லெஸ்பி முற்றுகையில் மாண்டார். ஒரு திங்கள் கழிந்து, குடிநீரும் தடுக்கப்பட்ட பின்னரே, எஞ்சிய சுமார் 70 பேருடன் பலபத்திரர் வெளியேறினார். அங்கே ஆங்கிலேயர் இரு தூண்களை எழுப்பினர். ஒன்று தம்மவர்க்கு, மற்றொன்று பலபத்திரர்க்கும் அவர்தம் வீரர்க்கும்.

போர் முடியுமுன்பே, 1815-இல், நேபாளப் படையிலிருந்து வந்தவர்களையும் அண்டை மலைவாசிகளையும் கொண்டு நசிரி, சிர்மூர், குமாவோன் பட்டாளங்கள் அமைந்தன.

ஆள் திரட்டிய முறை

நேபாள அரசு நெடுங்காலம் இதனை விரும்பவில்லை. 1885-க்குப் பின்னரே இராணா ஆட்சியாளர் இசைந்தனர். 1886-இல் கோரக்பூரில் ஆள்சேர்ப்பு நிலையம் தோன்றியது. ‘கல்லாவாலா’ எனப்பட்ட முன்னாள் வீரர்கள் மலையூர்களுக்குச் சென்று மகர், குருங், ராய், லிம்பு இளைஞர்களை அழைத்து வந்தனர். வறண்ட மலைநிலத்தில் உழன்ற குடும்பங்களுக்குப் படைச்சம்பளமே வாழ்வாயிற்று. அயல்நாட்டுப் படையில் சேர்ந்தவனை நேபாளியர் ‘லாகூரே’ என்பர். லாகூரில் இரஞ்சித் சிங்கிடம் பணிபுரியச் சென்றவர்களால் வந்த பெயர் அது. பலபத்திரரும் அவ்வாறே சென்று, 1823-இல் ஆப்கானியருடன் பொருது மடிந்தார்.

மரபும் ஊதியமும்

1857-இல் தில்லி முற்றுகையில் சிர்மூர்ப் பட்டாளத்தின் 490 பேரில் 327 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். அதற்காக விக்டோரியா அரசி வழங்கிய செங்கோலைத் தொட்டே புதிய வீரர் உறுதிமொழி ஏற்பது மரபாயிற்று.

1947-இல் பத்துப் படைப்பிரிவுகளுள் ஆறு இந்தியாவிற்கும் நான்கு பிரிட்டனுக்கும் பங்கிடப்பட்டன. பிரிட்டன் பெற்றவை 1948 முதல் 1960 வரை மலாயாக் காடுகளில் போரிட்டன. சிங்கப்பூர்க் காவல்துறையிலும் 1949 முதல் கூர்க்கர் பிரிவு உண்டு.

எனினும், அதே 1947 உடன்படிக்கை அவர்தம் அடிப்படை ஊதியத்தை இந்தியப் படையின் அளவோடு பிணைத்தது. ஆகவே, பிரிட்டனுக்காகப் போரிட்டவர் பிரிட்டிஷ் வீரரினும் மிகக் குறைந்த ஓய்வூதியமே பெற்றனர். 2007-இல் வந்த சமநிலை, 1997-க்கு முன் ஓய்வு பெற்ற முதியோரை எட்டவில்லை. பகைவனாய் நின்ற கூர்க்கனுக்குத் தூண் எழுப்பிய அரசு, தனக்காகப் போரிட்ட கூர்க்கனுக்குச் சம ஊதியம் தர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது.