உழவுமண்ணில் ஒரு பக்கிள்

இங்கிலாந்தில் அறுவடை முடிந்து உழுது போட்ட வயல்களில் உலோகங்காட்டும் கருவியோடு விடுமுறை நாட்களில் அலைபவர்கள் ஏராளம். அவர்கள் கனவு காண்பது தங்கப் புதையலை. கைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஈயக்குண்டு, பொத்தான், பச்சைக் களிம்பேறிய பக்கிள் ஆகியவைதாம். அந்தப் பக்கிளை என்ன செய்வது? அது எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது?

அகழாய்வில் பொருளுக்கு வயது சொல்வது பெரும்பாலும் அது கிடந்த மண்ணடுக்குதான். உழவுமண்ணில் அடுக்கு ஏது? பல நூறு ஆண்டுகளாகக் கொழு புரட்டிப்போட்ட மண்ணில் ரோமானிய நாணயமும் நேற்று அறுந்து விழுந்த டிராக்டர் ஆணியும் ஒரே சாண் ஆழத்தில் கிடக்கும். கரிமக் கணக்கும் உதவாது. உலோகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. தோல்வாரின் துணுக்கு ஏதேனும் ஒட்டியிருந்தால் ஒழிய அந்த வழி அடைபட்டது. ஆகவே எஞ்சுவது வடிவம் ஒன்றே. வடிவத்தை வைத்து வயது சொல்ல வேண்டுமானால், அதே வடிவம் காலம் தெரிந்த வேறோர் இடத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த வேறோர் இடம் லண்டனின் ஆற்றங்கரை. 12 முதல் 15 ஆம் நூற்றாண்டு வரை லண்டன்வாசிகள் தேம்ஸ் நதியை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே போனார்கள். ஆற்றுக்குள் மரச்சுவர் எழுப்புவது, பின்புறத்தை நகரக் குப்பையால் நிரப்புவது, சில பத்தாண்டுகள் கழித்து அதற்கும் முன்னால் இன்னொரு சுவர் எழுப்புவது என்று வேலை நடந்தது. 1970களிலும் 80களிலும் நடந்த அகழாய்வுகளில் இச்சுவர்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அது எப்போது வெட்டப்பட்டது என்று கணிக்க முடிந்தது. அதன் பின்னால் குப்பையோடு கொட்டப்பட்ட பக்கிள்களுக்கும் அவ்வழியே காலம் கிடைத்தது. ஈரச்சேறு காற்றை உள்ளே விடாததால் சிலவற்றில் தோல்வாரும் அழுகாமல் இருந்தது. ஜெஃப் ஈகனும் ஃபிரான்சிஸ் பிரிட்சர்டும் 1991 இல் வெளியிட்ட ஆடையணிப் பொருள்களின் நூல் இந்தக் குப்பையின் பட்டியல்தான். அந்த நூல் இல்லையேல் எங்கோ ஒரு குக்கிராமத்து வயலில் கிடைக்கும் இடைக்காலப் பக்கிளுக்கு நம்பத்தகுந்த வயதைச் சொல்வது மிகக் கடினம். நகரத்தார் கழித்துக் கட்டியதே நாட்டுப்புறத்தின் காலக்கணக்கானது.

வடிவம் துல்லியமான ஆண்டைத் தராது, ஒரு வீச்சைத்தான் தரும். மூக்குக்கண்ணாடி போல் இரு வளையங்களும் நடுவே ஒரு குறுக்குக் கம்பியும் உடைய பக்கிள் ஏறக்குறைய 1350 முதல் 1650 வரை வழக்கில் இருந்தது. முந்நூறு ஆண்டு வீச்சு! கண்டெடுத்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் 'ரோமானியப் படைவீரனுடையது' என்று துணிந்து சொல்வதைவிட, 'இந்த முந்நூறு ஆண்டுக்குள்' என்று அடக்கமாகச் சொல்வது எவ்வளவோ மேல். பதிவாளர்கள் 'வெண்கலம்' என்றும் 'பித்தளை' என்றும் எழுதாமல் 'செப்புக் கலவை' என்று மட்டும் எழுதுவதும் இதே நேர்மையினால்தான். பார்வையால் மட்டும் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

காலம் நெருங்க நெருங்க வீச்சு சுருங்குகிறது. சட்டத்தின் இரு பக்கமும் துளையிட்டு, அதில் தனி அச்சுக்கம்பியைச் செருகியிருந்தால் அது பெரும்பாலும் 17 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோ அதற்குப் பிந்தியதோ ஆகும். சட்டம் பாதத்தின் மேற்புறத்துக்கு ஏற்ப வளைந்திருந்தால் அது இடுப்புவாருக்கானது அல்ல, காலணிக்கானது. சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் 1660 ஜனவரி 22 அன்று, முந்தின நாள் வாங்கிய பக்கிள்களைக் காலணியில் முதன்முதலாக அணிந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அன்று அது புது மோஸ்தர். சிறிதாகத் தொடங்கிய பக்கிள் 1770களிலும் 80களிலும் பாதத்தையே மறைக்கும் அளவுக்குப் பெருத்தது. அதற்கு ஆர்த்துவா பிரபுவின் பெயரையே சூட்டினார்கள். பின்னாளில் பத்தாம் சார்லஸ் என்று பிரான்சை ஆண்டவர் அவர்.

வீழ்ச்சி அதைவிட வேகமானது. கயிறும் ஸ்லிப்பரும் வந்து பக்கிளை விரட்டின. 1791 இல் பர்மிங்ஹாம், வால்சால், வுல்வர்ஹாம்ப்டன் ஆகிய ஊர்களின் பக்கிள் தொழிலாளர் சார்பாக வேல்ஸ் இளவரசரிடம் மனுக் கொடுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிழைப்பு போகிறது என்றது அம்மனு. இளவரசர் இரங்கி, தம் அரண்மனையார் பக்கிளே அணிய வேண்டும் என்று உத்தரவிட்டார். மோஸ்தர் இளவரசருக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே வயலில் கிடைக்கும் பெரிய காலணிப் பக்கிளுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வீச்சுக்குள் காலம் சொல்லிவிடலாம். ஒரு தொழிலே அழிந்துபோனதால் கிடைத்த துல்லியம் அது.

இத்தனைக்கும் சட்டம் இதைப் பொருட்படுத்துவதில்லை. 1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் முதன்மையாகக் கவனிப்பது பொன்னையும் வெள்ளியையும். 2023 திருத்தம் மிக அரிய பொருள்களுக்குச் சற்றே இடம் கொடுத்தது; சாமானியப் பக்கிள் அதிலும் வராது. கண்டெடுத்தவர் தாமாக முன்வந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் காட்டினால்தான் உண்டு. 1997 இல் சோதனையாகத் தொடங்கிய அத்திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அலுவலர் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த வயல்?' என்பதே. இடம் தெரியாத பக்கிளுக்கு வயது சொல்லலாம். ஆனால் அது எதற்கும் சாட்சி சொல்லாது. இடம் தெரிந்தால் ஒரே வயலின் பத்துப் பக்கிள்கள் சேர்ந்து, அங்கே ஒரு சந்தை கூடியிருக்கலாம் என்ற ஐயத்தையாவது எழுப்பும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகரத்துக் கழிவையும் குப்பையையும் வண்டிவண்டியாக வயலுக்கு எருவாகக் கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் இருந்தது. காலணிப் பக்கிளைத் தொலைத்தவர் அந்த வயலில் கால் வைக்காமலே இருந்திருக்கலாம். ஒரு காலணியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும்படி அமைந்த பொருள் அது. வீட்டிலேயே தவறி விழுந்து குப்பையோடு போயிருக்கவும் கூடும். மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலும் சட்டம் மட்டுமே மிஞ்சியிருக்கும். அச்சும் நாக்கும் இரும்பாக இருந்தால் என்றோ கரைந்து போயிருக்கும். துளையின் உட்புறத்தில் செம்பழுப்பாக ஒரு கறை மட்டும் தெரியும்.